கட்டிலுக்கு எந்த பிளேடு

சின்னவளின் அம்மாவுக்கு,

இங்கே நான் சௌகரியம். உன் முதுகுவலி தேவலையா? என் அம்மாவுக்கு இருமல் நின்றதா?

வீடு மாற்றும்போது கட்டில் கதவு வழியாக வெளியே வரவில்லை என்று எழுதியிருந்தாய். அறைக்குள்ளேயே வைத்து ஆணியடித்துச் சேர்த்த புத்திசாலி நான்தானே. வேறு வழியில்லை, அறுத்துவிடு. நான் அனுப்பிய, முன்னும் பின்னுமாக ஓடி அறுக்கும் மெஷினோடு மூன்று பிளேடு இருக்கும். பெரிய பல் வெறும் மரத்துக்கு. பொடிப்பல் இரும்புக் கம்பிக்கு. கட்டிலில் மரமும் ஆணியும் சேர்ந்திருப்பதால் நடுத்தரப் பல்லைப் போடு. மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு.

போன வாரம் ஒரு பழைய கதவு நிலையை அறுக்க நானே பெரிய பல்லைப் போட்டுவிட்டேன். உள்ளே இருந்த ஆணியில் பட்டு பிளேடு ஒடிந்தது. “நாலு வருஷமா இதே வேலை, இன்னும் பல்லு பாக்கத் தெரியலையா?” என்று மேஸ்திரி சிரித்தார். அசதியில் கண் ஏமாற்றிவிட்டது. கட்டைவிரலில் இரண்டே தையல்தான்.

கட்டிலில் கிடக்கும் பழைய போர்வையை, இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அறுக்கும்போது நான் படுக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பி. அதுதானே நான்கு வருடமாகச் சும்மா கிடக்கிறது.