மேற்குப் பக்கத்துக் கசடு

சிட்டோரா குடியிருப்பு
மார்ச் 14

அன்பு மகன் தப்ஃபுமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மேகத்தைக் கண்டாலே முனகுகிறது. அந்தக் குளிர் ஊரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நாங்கள் செய்யும் உரம் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாய், அன்று பாதியில் லைன் போய்விட்டது. எஃகு ஆலை மூடிய பிறகு அதன் உலைக்கசடு மலையாகக் கிடக்கிறதே, ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் அதைத்தானே சோதித்தேன். அதோடு கல் குவாரியில் வீணாகும் பொட்டாஷ் பாறைத் தூளைக் கலந்து உருக்கி, செக்கச்செவேலென்று தண்ணீரில் ஊற்றினால் கண்ணாடிக் குருணையாகச் சிதறும். அது ஒரே மழையில் கரைந்து ஓடாது, வேர் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். சாட்சாக் களி கிண்டும் இரும்புப் பானை வார்க்கும் முசேகிவா தன் உலையைத் தர ஒப்புக்கொண்டார்.

பெண்கள் விவசாயக் குழுவின் தலைவி ஸ்வாகாய்க்குப் பொறுமை ஏது? எடுக்கச் சுலபம் என்று கசடு மலையின் கிழக்குப் பக்கத்திலிருந்து பதினோரு வண்டிக் கசடை இழுத்து வந்து வயலோரம் குவித்துவிட்டாள். அந்த வாரமே நான் ஹராரேவுக்கு அனுப்பியிருந்த கசடின் சோதனை முடிவு வந்தது. மேற்குப் பக்கம் நல்லது, கிழக்கில் குரோமியம் என்ற நச்சு உலோகம் அதிகம். ஒரு பிடி கூட மண்ணில் விழக்கூடாது, எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டுங்கள் என்றேன். "நீதானே அக்கா நல்லதுன்னே? இப்ப நீயே வேணாங்கறே. வண்டி இழுத்த தோள் உன்னோடதா எங்களோடதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம் மகனே, இரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிக்கும் முன்பே வாயைத் திறந்தது என் தப்பு. மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போய் நானே முதல் வண்டியை நிரப்பினேன். மூன்றாவது வண்டிக்கு ஸ்வாகாய் வந்து, வண்டியின் மறுபக்கம் பிடித்தாள்.

பிறகு மேற்குக் கசடில் குருணை செய்து, கோழி எருவும் சேர்த்து எட்டு வரிசை மக்காச்சோளத்துக்கு மட்டும் போட்டோம். "கல்லைத் தின்னு வளரப்போகுதாம்" என்று முசேகிவாவின் மனைவியே சிரித்தாள். ஜனவரியில் ஒன்பது நாள் விடாத மழை. நம் மணல் மண்ணில் மூட்டை உரமெல்லாம் ஓடிப்போய், சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளத்தின் இலையோரம் கருகிவிட்டது. எங்கள் எட்டு வரிசையில் கருகல் இல்லை. ஆனாலும் கதிரைச் சோதிக்காமல் யாரும் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன், இந்த முறை ஒருத்தியும் மறுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஸ்வாகாய்தான் பிரித்துப் படித்தாள், கதிரில் குரோமியம் பாதுகாப்பான அளவுக்குள்தான். உடனே அடுப்பு மூட்டிக் கதிர்களை அவித்தார்கள். முதல் கதிரை அவளே உரித்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "கடி அக்கா. எங்களத் தடுத்த வாய்தானே, மொதல்ல அது ருசி பாக்கட்டும்" என்றாள். ஆவியிலா, அழுகையிலா தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. நல்ல இனிப்பு, மகனே.

உன் வேலையும் உடம்பும் செழிக்கட்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும். பல்வலியைத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசு, பேசச் சொல்லிக் கேட்கமாட்டார், ஆனால் காத்திருப்பார்.

உன் அம்மா
சாருட்ஸாய்