எட்டுப் பேருக்கு ஏழு அலகு

நாள் 212, 06:10
சனிக்கோளின் நிலா டைட்டன், தென்முகாம். காற்று பலம். எழுதுவது இசக்கியம்மாள், கணினியும் மின்சாரமும் என் பொறுப்பு. ஆறு பேர் நெடுந்தூக்கத்தில். விழித்திருப்பது நானும் எதிர்க்குடிலில் வயதான டாக்டர் ததேயுவும். நடுவிலிருந்த பாதை போன வாரம் இடிந்ததிலிருந்து வானொலியில்தான் பேச்சு. தரவுத்தளம் மணிக்கொரு முறை, பட்டியலில் பெயர் சேர்த்தால் அந்த நொடியே, மின்சாரத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து ஹீட்டர்களுக்கு அனுப்புகிறது. எண்பது அலகு, எட்டுப் பேர், ஆளுக்குப் பத்து. முதுகு வலிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

16:05
புயலில் அணு உலையிலிருந்து வரும் மின்கம்பி அறுந்தது. உதவி வர மூன்று நாளாகும். சேமிப்புக் கலம் தருவது ஏழு அலகுதான். ஆள் பிழைக்க ஓர் அலகு வேண்டும். கணக்கு ஓடியதும் எட்டுப் பேருக்கும் பூஜ்ஜியம் வந்து எல்லா ஹீட்டரும் அணைந்தன.
வானொலி: "ஏம்மா இசக்கி, இங்க ஹீட்டரு செத்துக் கெடக்கு. ஒறங்குத புள்ளைய வெறச்சுப் போயிரும். சீக்கிரம் பாரு."

16:40
கண்டுபிடித்தேன். ஏழும் எட்டும் முழு எண்கள். இரு பக்கமும் முழு எண் என்றால் தரவுத்தளம் முழு எண் வகுத்தலைத்தான் எடுத்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறியும். 0.875 பூஜ்ஜியமானது அப்படித்தான். எண்பதை வகுத்தவரை மீதியே வராததால் யாருக்கும் உறைக்கவில்லை. ஏழை 7.0 ஆக்கினேன். ஒரு பக்கம் தசமம் வந்தால் மற்றதையும் தசமமாக்கிக்கொள்ளும்.

17:10
அதுவும் கைகொடுக்கவில்லை. ஹீட்டருக்கான கட்டம் முழு எண்ணை மட்டுமே வாங்கும். வகுக்கும்போது வெட்டிய அதே தரவுத்தளம், சேமிக்கும்போது பக்கத்து முழு எண்ணுக்கு ஏற்றிவிடுகிறது. ஆளுக்கு ஒன்று, மொத்தம் எட்டு. கலம் தாங்காமல் எல்லாம் அணைந்தது. ஓர் ஆள் கூடுதல் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.
வானொலி: "சரி, நீ வெசனப்படாத. ஆறு மணிக்கு அடுத்த கணக்கு ஓடுமுல்லா, அதுவர செத்த ஒறங்கு."

17:50
பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டேன். மற்ற பெயர்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும். 7.0இல் இருந்த புள்ளியையும் எடுத்தாயிற்று. ஏழு அலகு, ஏழு பேர். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி எதையும் சரிபார்க்க வேண்டாம் என்பதில் ஒரு நிம்மதி.

18:45
குளிரில் விழிப்பு வந்துவிட்டது. மின்மானி ஆறு காட்டுகிறது. ஏழு காட்ட வேண்டும்.
பட்டியலில் டாக்டர் பெயர் இல்லை. 17:25க்குத் தன் குடில் கணினியிலிருந்து அவரே நீக்கியிருக்கிறார். ஏழை ஆறால் வகுத்து, ஒன்று என்று போட்டு, மீதியை வெட்டி எறிந்திருக்கிறது. முக்கால் மணி நேரமாக ஓர் அலகு யாருக்கும் போகாமல் கிடந்திருக்கிறது. அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நானும்தான் சொல்லவில்லை.
அவர் பெயரைத் திரும்பப் போட்டேன். அவர் ஹீட்டர் எரிகிறது.

19:30
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் மணிக்கட்டுப் பட்டை என் திரைக்கு அனுப்பும் நாடி பூஜ்ஜியம். இது வகுத்து வந்த பூஜ்ஜியம் இல்லை.
அழுகிறேன். விரல் மரத்துவிட்டது, ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆறு பேருக்காக ஒருத்தியாவது விழித்திருக்க வேண்டும். அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். போடுகிறேன்.
இன்னும் ஐந்து நிமிடம் அவருக்கே எரியட்டும்