ஊசி தாவும் இடம்

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. என்னுடையதல்ல, எக்ஸ்ரே பிரிவில் என்னோடு இருக்கும் பெண்ணுடையது. "அக்கா, பசங்களுக்கு லீவு, கொஞ்சம் மாத்திக்கிறீங்களா?" என்றாள். உங்களுக்கென்ன, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பெண். எனக்குத்தான் சொன்ன மாதிரி கேட்டது.

நாள் முழுக்க நான் பேசியது இவ்வளவுதான்: மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. ஐம்பத்தெட்டு வயதில் ஊருக்கெல்லாம் மூச்சுவிட அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி. கறுப்புச் சட்டை போட்ட நான்கு கிழவர்கள். முகம் ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. மேலே அந்த ராக் குழுவின் பெயரை எழுதியிருந்த எழுத்துகள் தெரிந்தன. சாய்த்து வைத்த ஏணி போன்ற அந்த எழுத்துகளை அண்ணன் தன் பள்ளிக்கூடப் பை முழுக்கப் பேனாவால் வரைந்து வைத்திருந்தான்.

அவர்கள் வருகிறார்கள். இந்த ஊருக்கு. இன்னும் உயிரோடு இருக்கிறார்களா!

பிப்ரவரி 10, செவ்வாய்

அவர்களுடைய அந்தப் பாட்டு தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மூன்று நிமிடப் பாட்டு என்றால் தொலைந்து போகும். இது இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. புல்லாங்குழலில் ஆரம்பித்து, கிடாரில் அடிதடியாகி, தாளம் ஐந்துக்கும் ஏழுக்கும் மாறிக்கொண்டே போகும். அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது பாட்டாடா, பஸ் பயணமா? எப்போ இறங்குறது?" என்பாள்.

அவன் அறையில் ஒரே சட்டம்தான். ரெக்கார்டு சுத்தும்போது பேசக் கூடாது. பேசினால் வெளியே. நான் சத்தமில்லாமல் போய் மூலையில் உட்காருவேன். அதனால் எனக்கு எலி என்று பெயர் வைத்தான்.

ஒருநாள் அவன் கை தவறி, ஊசி தட்டைக் கீறிவிட்டது. அதற்குப் பிறகு, பாட்டின் நடுவில் கீபோர்டு மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கும் இடத்தில் ஊசி ஒரு தாவு தாவி, டிரம்ஸ் திரும்ப வரும் இடத்தில் போய் விழும். டம், டம். எங்களிடம் இருந்தது அந்த ஒரு தட்டுதான். எங்களுக்கு அதுதான் பாட்டு. கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்து, இருவரும் சேர்ந்து இரண்டு தட்டுத் தட்டுவோம். அடி ஒருபோதும் பிசகியதில்லை.

பிப்ரவரி 14, சனி

இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். புத்தி கெட்டுப் போச்சு, வேறென்ன.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் போனது: "அவங்க வர்றாங்க. உனக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன். கீழ்த்தளம், நடுவரிசை." பார்த்துவிட்டான். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஒரே ஊர். இரண்டு பஸ் மாறினால் அவன் வீடு. ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அம்மா போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஊர் நெஞ்சையெல்லாம் படம் எடுக்கிற. அம்மா நெஞ்சை ஒரு தடவை எடுத்துப் பார்க்கத் தோணலையா உனக்கு?"

அம்மா இருமினாள். எல்லோரும்தான் இருமுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வாம்மா என்று கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்னு அவதான்... சே, யார்கிட்ட வாதாடுறேன் நான்? இந்தப் பேப்பர்கிட்டயா?

வீட்டைக் காலி செய்தபோது தட்டுகளை அவன் எடுத்துப் போனான். பிளேயர் என்னிடம் வந்தது. ஆளுக்குப் பாதி. இரண்டு பேராலும் கேட்க முடியாது. நல்ல பங்கீடு.

பிப்ரவரி 28, சனி

பதில் இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கும் மாற்று டியூட்டி. திரும்பி வந்ததும் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டேன். கீறல் இல்லாத, முழுப் பாட்டு. கீபோர்டு தனியாக வரும் இடம் வந்தது. என்னை அறியாமல் கை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. பாட்டு என்னைக் கண்டுகொள்ளவில்லை. கீபோர்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் கேட்டே இராத சங்கதியெல்லாம் வந்தது. இவ்வளவு நேரமா அழுதிருக்கிறது அது, நாங்கள்தான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். அதற்கப்புறம்தான் டம், டம்.

சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சொல்ல ஆளில்லை என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது. சாப்பாட்டைச் சூடாக்காமலே சாப்பிட்டுப் படுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

நாளைக்குக் கச்சேரி. துணைக்கு யாரையாவது கூப்பிடலாமா? எக்ஸ்ரே பெண்ணிடம் சொன்னேன். "என்ன மாதிரி பாட்டுக்கா?" என்றாள். போனில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். பாவம், முகத்தை மாற்றாமல் கேட்டாள். "இன்னும் பாட ஆரம்பிக்கலையா?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்றையதை இன்று காலையில் எழுதுகிறேன்.

அரங்கம் நிறைய நரைத்த தலைகள். என் பிரிவுக்கு வரும் கூட்டத்தை அப்படியே கூட்டிவந்து உட்காரவைத்த மாதிரி இருந்தது. முட்டி, இடுப்பு, தோள்பட்டை. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். விளக்கு அணையும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அவர்கள் வந்தார்கள். கீபோர்டுக்காரரை ஒருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிடார்க்காரர் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்களில் இவர்கள் இருவரும் பாடகரும்தான் மிச்சம். டிரம்ஸில் இருந்தவர் வேறொரு பழைய குழுவிலிருந்து வந்தவராம், அவருக்கும் வழுக்கை. பாடகர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: இந்தப் பாட்டை எழுதும்போது எனக்கு இருபத்திரண்டு வயது, சாவைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி எழுதினேன், இப்போதுதான் ஒன்றும் தெரியவில்லை. அரங்கம் சிரித்தது.

ஆரம்பித்தார்கள். முதல் ஐந்து நிமிடம் எனக்குப் பயமாகவே இருந்தது, எங்கேயாவது விழுந்துவிடுவார்களோ என்று. பாடகரின் குரல் மேலே போகவில்லை. சுருதியை இறக்கியிருந்தார்கள். அந்த உச்சி வரியை அவர் பாடாமல் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார், அரங்கம் பாடிக் கொடுத்தது. கிடார்க்காரர் கை மட்டும் கிழடாகவே இல்லை. ஏழு தாளத்தில் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து வாசித்தார்கள். சின்ன வயதில் வேகமாக வாசித்ததை இப்போது கவனமாக வாசித்தார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. அழுதேன். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

பிறகு எல்லாம் அடங்கி, கீபோர்டு மட்டும். டிரம்ஸ்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த இடம் வந்தது. தெரியும், தட்டக் கூடாது என்று நன்றாகத் தெரியும். கை கேட்டால்தானே!

பட், பட்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஆனால் அவர்கள் பார்த்தது என்னை மட்டுமல்ல. மேலே, பால்கனியில் இடது பக்கத்திலிருந்து, என் கைத்தட்டலோடு சேர்ந்து, துளி முன்பின் இல்லாமல், இன்னொரு பட், பட்.

உலகத்தில் அந்த இடத்தில் தட்டக்கூடிய ஆள் இன்னும் ஒருவன்தான் இருக்கிறான்.

கீபோர்டுக்காரர் தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாகப் பால்கனியைப் பார்த்துச் சிரித்தார். தொடர்ந்து வாசித்தார். அதற்கப்புறம் நான் என்ன கேட்டேன் என்று தெரியாது.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். திரும்பி மேலே பார்த்தேன். இடது பக்கம் ஒரு இருக்கை காலி. போய்விட்டான் என்று நினைத்தேன். போகட்டும். வந்தானே, அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

மறுபடி விளக்கு அணைந்தது. யாரோ வரிசைக்குள் கால்களைத் தாண்டித் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"பையை எடு, எலி."

எடுத்தேன். உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்து அவன் தேய்க்கும் அதே தைல வாசனை. கடைசிவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டம் சட்டம்தானே.

வெளியே வந்ததும் கேட்டேன், "வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன் டிக்கெட்ல வந்தா, உன்கிட்ட பேசணுமே. அதான் மேல ஒரு டிக்கெட் போட்டேன்."

பிறகு, "பிளேயர் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"ம்."

மார்ச் 12, வியாழன்

செய்தி வந்தது. "ஞாயிறு மதியம் இருப்பியா?" டியூட்டி மூன்றரைக்கு முடியும் என்று பதில் போட்டேன். உடனே போட்டேன். வெட்கமே இல்லை எனக்கு.

மார்ச் 15, ஞாயிறு

வந்தான். தட்டைப் பழைய துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். படியேறியதில் மூச்சு வாங்கியது. "ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்க வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அவனுக்கும் புரிந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

பிளேயரைத் துடைத்து, தட்டை வைத்து, சுவிட்சைப் போட்டால் சுற்றவில்லை. அடியில் கழற்றிப் பார்த்தான். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் அறுந்து கிடந்தது. இருவரும் அசையாத தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"சுத்தலை," என்றேன்.

"சுத்தலைன்னா பேசலாம்," என்றான். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அன்னைக்கு நான் சொன்னது... அம்மா என்கிட்ட போன்ல பேசும்போதெல்லாம் இருமிக்கிட்டேதான் பேசுவாங்க. எனக்கும் கேட்டுச்சு எலி. வாரா வாரம் கேட்டுச்சு. யார் தலையிலயாவது போடணும்னு இருந்துச்சு. நீதான் பக்கத்துல நின்ன."

பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை, பரவாயில்லாமலும் இல்லை. டீ போடப் போனேன். சமையலறையில் நின்று நன்றாக அழுதேன். திரும்பி வந்தபோது அவன் கைக்குட்டையை வைத்து அறுந்த பெல்ட்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான்.

"இதே சைஸ் கிடைக்கும். அடுத்த ஞாயிறு வாங்கிட்டு வர்றேன். காலையிலயே வரட்டுமா?"

தட்டை எடுத்துப் போகவில்லை. இங்கேயே விட்டுப் போனான்.

மார்ச் 17, செவ்வாய்

எக்ஸ்ரே பெண்ணிடம் கேட்டேன், இந்த ஞாயிறு எனக்குப் பதிலாக அவள் வர முடியுமா என்று.

"உங்களுக்கா அக்கா?" என்றாள்.

"ஆமா. வீட்டுக்கு ஆள் வருது."