ரிம்மின் உள்பக்கம்

நெய்வேலி
8-11-1964

சிரஞ்சீவி மகன் ராமலிங்கத்துக்கும் மருமகள் ருக்குமணிக்கும் அம்மாவின் ஆசீர்வாதம். பிலாயில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் பாதிதான். நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் தம்பி மகள் செல்லக்கிளி கால் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாக வந்தாள், வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னார். அவள் தம்பி ஜெயராமன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துச் சோப்பு டப்பா வாங்கி வந்தான், அதில் சோப்பு வைக்க யாரையும் விடவில்லை. உன் மகன் தெய்வசிகாமணி இந்தியில் எழுதி அனுப்பிய பெயரைத் தெருவெல்லாம் காட்டினேன், எது தலை எது கால் என்று தெரியாமலே எல்லாரும் மெச்சினார்கள்.

இனி எழுதத்தான் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை உன் தம்பி கொளஞ்சியப்பன் சைக்கிளில் பகல் ஷிப்டுக்குப் போகும்போது சரிவில் முன்னால் போன லாரி நின்றிருக்கிறது, இவன் பிரேக்கை அழுத்தியதும் முன் சக்கரத்து ரிம் பிளந்து வண்டி மடங்கி விழுந்துவிட்டான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சுரங்கத்தில் அவனைப் பெர்மனெண்ட் ஆக்குவதற்கு டாக்டர் சோதனை வருகிற இருபதாம் தேதி. ஆறு வருஷம் காண்ட்ராக்டில் மண் சுமந்தவன், நிற்க முடியாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குத்தான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். இவனோ, சைக்கிளுக்கும் ஒரு காலு போச்சு எனக்கும் ஒரு காலு போச்சு, சரியாப்போச்சும்மா என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. சைக்கிள் கடை அல்லா பிச்சை பாய் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். வெளிப்பக்கம் முகம் பார்க்கலாம், ஆயுத பூஜைக்கு நான் தேய்த்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்த பளபளப்பு அப்படியே இருக்கிறது. உள்பக்கம் பிரேக் கட்டை உரசுகிற இடம், சுரங்கத்து மண் ஒட்டி ஒட்டி அறுத்து, தகடு காகிதமாகியிருக்கிறது. இன்னாம்மா, வருசக்கணக்கா தேஞ்சிக்கினே வந்திருக்குது, அத்தினி பொட்டு வெச்சீங்களே, உள்ள ஒருவாட்டி வெரல வுட்டுப் பாக்கலியா என்று கேட்டார்.

அந்த வண்டியைத் தம்பிக்கு விட்டுப் போன பிறகு முதல் பொங்கலுக்கு நீ எழுதினாயே, ரிம் பழசு, கட்டை உரசும் இடத்தில் மாதம் ஒரு தரம் நகத்தை வைத்துப் பார்க்கச் சொல், குழி விழுந்திருந்தால் மாற்றச் சொல் என்று. அந்த வரியை நான் படிக்கவில்லையப்பா. உன் கடிதம் வந்தால் தெருப் பெண்கள் கேட்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள், உன் தம்பிக்கும் எழுத்துத் தெரியாது, ஐந்தாவது வரை படித்தவள் என்று நான்தான் உரக்கப் படிப்பேன். தேய்ந்துபோன வண்டியைத் தம்பி தலையில் கட்டினான் பார் என்று எவளாவது சொல்லிவிடுவாளோ என்று அதைத் தாண்டிவிட்டேன், அப்புறம் மறந்தே போனேன். நேற்று கொளஞ்சியப்பன், அண்ணன் ஒரு வார்த்தை எழுதியிருந்தா பாத்திருப்பேனே என்றான். உன்மேல் பழி விழுவதைப் பொறுக்காமல் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து முழுதும் படித்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே, இனிமே அண்ணன் கடுதாசிய செல்லக்கிளி படிக்கட்டும்மா என்றான்.

நீ தெய்வசிகாமணியைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆலைப் பக்கம் போவதாக எழுதியிருந்தாய். இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உன் வண்டி ரிம்மின் உள்பக்கம் நகத்தை வைத்துப் பார். குழந்தையும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் தம்பி படுக்கைக்கு எதிரேதான் மாட்டியிருக்கிறது, கழற்றினால் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மூன்று பேருமாகப் புதுப் படம் ஒன்று எடுத்துச் சீக்கிரம் தபாலில் போடு. அதில் சைக்கிள் வேண்டாம்.

உன் அம்மா
பட்டம்மாள்