பொடிசு வாய் திறந்த திங்கட்கிழமை

என் அன்பு மூத்தவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அந்த வறட்டு இருமல் விட்டதா இல்லையா என்று அடுத்த முறை பேசும்போது மழுப்பாமல் சொல். சரி, சுகம் விசாரித்தாயிற்று, இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. நம் பொடிசு ஜெயித்துவிட்டாள்டா! அப்பா போனில் உன்னிடம் சொல்லியிருப்பார், அவர் சொன்ன லட்சணமும் எனக்குத் தெரியும், பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நின்றது என்று சொல்வதைப் போல, போனோம், பேசினாள், வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார். வண்டி ஓட்டுகிறவரிடம் கதை கேட்டால் அவ்வளவுதான் கிடைக்கும். நான் முழுதாக எழுதுகிறேன், வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து படி.

நாங்கள் அந்த மதச் சபையை விட்டு வெளியே வந்ததும் எல்லாத் தொல்லையும் ஒழிந்தது என்றுதான் நினைத்தோம். உன் தங்கை பொடிசு பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடக் கூடாது, பெண்பிள்ளை ஓடினால் அது தற்பெருமை என்று சபைப் பெரியவர் சொன்ன அன்றே எனக்கு மனசு விட்டுப்போயிற்று, அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது, கடைசியில் அவரே ஒரு நாள் போதும் வா என்று எழுந்து வந்துவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. நீ படித்த காலமெல்லாம் காலையில் மற்றப் பிள்ளைகள் நாட்டு உறுதிமொழி சொல்லும்போது தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக நின்றவன் நீ. உறுதி என்று ஒன்று எடுத்தால் அது சபைக்குத்தான், நாட்டுக்கு இல்லை என்று பெரியவர் பள்ளிக்கே வந்து சொல்லிவைத்திருந்தார், பொடிசும் அதே குழாய்ப் பக்கம்தான் நின்றாள். இனி அது வேண்டாம், அவளும் எல்லாரோடும் வரிசையில் நிற்கலாம் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. புது வெள்ளை ஷூ வாங்கி வந்தார். சாப்பிட உட்கார்ந்தால் உறுதிமொழி, பாத்திரம் கழுவினால் உறுதிமொழி, அவரே மனப்பாடம் பண்ணி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் எதையோ முணுமுணுக்கிறார், பிரேக் போய்விட்டதோ, சாமியை வேண்டுகிறாரோ என்று பயணிகள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கண்டக்டர் என்னிடம் வந்து புகார் சொன்னார்.

முதல் நாள் அவள் வரிசையில் நின்றாள். அங்கேதான் வந்தது வினை. அந்த உறுதிமொழி ‘நான்’ என்று தொடங்குகிறது. நான் என் நாட்டின் பிள்ளை, நான் என் மண்ணையும் நீரையும் காப்பேன், நான் அண்டை அயலாரை மதிப்பேன், நான் அஞ்சாமல் உண்மை பேசுவேன், இப்படி வரிக்கு வரி நான். சபையில் நம்மை எப்படி வளர்த்தார்கள் என்று நினைத்துப் பார். நான் என்று வாயில் வந்தால் பெரியவர் மேஜையைத் தட்டுவார், நான் என்பது அகந்தை, நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கே இன்னும் போகவில்லை, போன வாரம் தையல் கடையில் நாங்க ரெண்டு சட்டைக்குக் காலர் வச்சிட்டோம் என்று சொல்ல, கடைக்காரம்மா, அந்த இன்னொருத்தி யாரு, அவளுக்கும் சேர்த்துக் கூலி கேப்பியா என்று சிரித்தார். பொடிசு பாவம், பள்ளிக்கூடமே நான் என்று சொல்ல, அவள் மட்டும் அடித்தொண்டையில் கணீரென்று நாங்கள் என்றிருக்கிறாள். அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே. மைதானமே சிரித்ததாம். அதோடு வாயை மூடியவள்தான். மறுநாளிலிருந்து வரிசையில் நின்றாள், கையை ஒழுங்காக வைத்துக்கொண்டாள், உதட்டை மட்டும் திறக்கவில்லை.

தலைமை ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக்குள் போய் உட்கார்ந்ததும் என் கண் ஜன்னல் திரையில்தான் போய் நின்றது, ஓரத்தைக் கோணலாக மடித்துத் தைத்திருக்கிறார்கள், எனக்குக் கை பரபரவென்றது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் பேசுகிறவர். முன்னே சபை என்று ஒரு காரணம் இருந்தது, தாழ்வாரத்தில் நிற்க விட்டோம், இப்போது நீங்கள் எந்தச் சபையிலும் இல்லை, காரணம் இல்லாதவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். அதாவது என் பிள்ளை சும்மா இருக்க வேண்டுமென்றாலும் யாராவது ஒரு பெரியவர் அவளுக்காக வந்து அனுமதி கேட்க வேண்டுமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார், வருகிற திங்கட்கிழமை மேடையேறி ஒலிபெருக்கியில் அவளே உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்கட்டும், எல்லாருக்கும் ஒரு முன்னுதாரணமாக இருக்கும், மாட்டேன் என்றால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள் என்றார். அப்பாவுக்குச் சான்றிதழ் காதிலேயே விழவில்லை, மேடை என்ற சொல்லிலேயே மனுஷன் நின்றுவிட்டார்.

மறுநாள் சபைப் பெரியவர் தையல் கடைக்கு வந்தார், ஒரு பட்டன் தைக்கவாம். நம் முகத்தைப் பார்த்தால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவின் மறுபக்கம் போகிறவருக்கு நான்தான் பட்டன் தைக்க வேண்டியிருக்கிறது பார். குழந்தையை வதைக்கிறார்களாமே, கேள்விப்பட்டு மனசு கேட்கவில்லை, திரும்பி வந்துவிடுங்கள், நானே பள்ளிக்கு வந்து பேசுகிறேன், அவள் பழையபடி நிம்மதியாகத் தாழ்வாரத்தில் நிற்கலாம் என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. பட்டனைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து, போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். இவர்களுக்கும் என் பிள்ளையின் வாய்தான் வேண்டும், அவர்களுக்கும் அதுதான் வேண்டும், ஒருவர் மூடச் சொல்கிறார், ஒருவர் திறக்கச் சொல்கிறார், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை. ஊரோட ஒத்து வாழணும்டி, இவ்வளவு காலம் ஒதுங்கி நின்னது போதாதா, என் பிள்ளையும் நாலு பேரை மாதிரி நிக்கட்டுமே என்று அவர் கத்தினார். அவருடைய ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் விடுவேனா நான், ஒருத்தன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிச்சது போதும்னுதானே வெளியே வந்தோம், மறுபடியும் கிளிப்பிள்ளையாக்கணுமா, அவள் சொல்லவே கூடாது என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். நடுவில் பொடிசு தட்டை நங்கென்று வைத்தாள். சொல்லு, சொல்லாதேன்னு ரெண்டு பேரும் மாறி மாறிக் கத்துறீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். முளைத்து மூன்று இலை விடவில்லை அதற்குள் பேச்சைப் பார் என்று அப்பா ஆரம்பித்தார், பிறகு அவரே அடங்கி, சரி, கேக்கிறோம், சொல்லு என்றார். எனக்கு அந்த உறுதிமொழி பிடிக்கும், மண்ணு தண்ணி எல்லாம் வருது, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா சொல்லலைன்னா துரத்திடுவேன்னு சொல்ற இடத்துல எப்படி ஆசையாச் சொல்றது, சபையிலயும் இப்படித்தானே சொன்னோம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சொல்லவே கூடாது என்று நானும்தானே அவளுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கையில் எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அப்ப திங்கக்கிழமை என்னம்மா பண்ணப் போறே என்று கேட்டார். மேடைக்குப் போறேன் என்றாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை இருவரும் போனோம். அப்பா சீருடையிலேயே வந்தார், பஸ்ஸின் ஒரு நடையை இன்னொரு டிரைவரிடம் மாற்றிவிட்டாராம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், பாதிப் பாவாடையும் சட்டையும் நான் மடித்துத் தைத்தவை, எந்தப் பிள்ளை இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அவர்கள் அம்மாக்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பொடிசு மேடையேறினாள். மைக் அவளுக்கு எட்டவில்லை, விளையாட்டு ஆசிரியை வந்து தாழ்த்திவிட்டார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார், நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் மூச்சை இழுத்து, நான் என்றாள். நாங்கள் இல்லை, நான்! யாரும் சிரிக்கவில்லை. நான் இன்னைக்கு இதைச் சொல்லலை, பயமுறுத்தினா வர்ற சொல் எனக்கு வேண்டாம், நான் ஏற்கெனவே அப்படி நிறையச் சொல்லிட்டேன், அஞ்சாமல் உண்மை பேசுவேன்னு இதுலயே ஒரு வரி இருக்கு, அந்த ஒரு வரியை மட்டும் இன்னைக்குச் செஞ்சிட்டுப் போறேன், மிச்சத்தை எனக்குத் தோணுற அன்னைக்கு நானே சொல்லிக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு ஓடவில்லை, அங்கேயே நின்றாள்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். சட்டம் பேசுகிறவருக்கு அவருடைய சட்டத்தின் வரியையே எடுத்துக் காட்டினால் என்ன செய்வார்? மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கி, விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், மற்றவர்கள் அவரவர் இடத்தில் மரியாதையாக நில்லுங்கள், இனிமேல் தாழ்வாரத்தில் யாரும் நிற்க வேண்டாம், எல்லாரும் வரிசையில்தான் என்றார். அப்புறம் என்ன, பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, தொடங்குங்கள் என்று ஒரு அதட்டல். பிள்ளைகள் சொன்னார்கள் பார், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு எங்களிடம் வந்து, சான்றிதழ் என்றதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை, போகட்டும், நல்ல மனுஷன்தான், திரைச்சீலையை அனுப்பிவையுங்கள், கூலி வேண்டாம், நேராகத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி எழுதப்போவதைப் படிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள். உறுதிமொழி முடிவதற்குள் பொடிசு மேடையிலிருந்து இறங்கி நேராகத் தாழ்வாரத்துக்குப் போனாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சபைப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அக்காவும் தம்பியும். விலகிப்போன நம்மோடு பேசக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை, அதனால் இவளும் பேசவில்லை, கையை மட்டும் நீட்டினாள். சின்னவன் அக்காவைப் பார்த்தான், அக்கா தரையைப் பார்த்தாள், பிறகு இருவரும் வந்து வரிசையில் நின்றார்கள். வாய் திறக்கவில்லை, திறக்கவும் வேண்டாம், வெயிலில் எல்லாரோடும் நின்றார்கள், போதும். நீ அங்கே தனியாக நின்ற காலமெல்லாம் எனக்குள் ஒரு பாரம் இருந்தது கண்ணா, அன்று அது இறங்கியது. அப்பா மூக்கை உறிஞ்சினார், கேட்டால் புழுதி என்றார்.

மற்றச் செய்திகள்: பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் நம் மாடிப்படிக்கு விளக்குப் போட்டுக்கொடுத்தார், எனக்கு மூட்டுவலி தேவலை, பொடிசு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள், முதலாவது வந்தவளுக்குக் கால் நீளம். நீ ராத்திரி வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. கழுத்து அளவை எழுதி அனுப்பு, கடையில் நல்ல துணி வந்திருக்கிறது, உனக்கு இரண்டு சட்டை தைக்கிறேன். எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி உன் தலைமேல் எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்பது, உங்கள் பெண் உறுதிமொழி சொல்கிறாளா இல்லையா என்றுதான். எனக்குத் தெரியாது. அப்பா தினமும் அந்த நேரத்துக்குப் பள்ளி வாசலில் பஸ்ஸை மெதுவாக ஓட்டி, அவள் உதடு அசைகிறதா என்று எட்டிப் பார்க்கிறார், கண்டக்டர் விசில் அடித்துத் துரத்துகிறார், அவளோ வேண்டுமென்றே பின்வரிசையில் போய் நிற்கிறாள். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீயும் போனில் பேசும்போது அவள் வாயைப் பிடுங்காதே.

உன் அம்மா