அசையாமல் இருந்த காலை

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா?

சலவைக்கூடத்தில் நான் இஸ்திரிப்பெட்டியை எடுத்தாலே உதைக்கிற உன் பேரப்பிள்ளை, நேற்று காலை முழுக்கக் கம்மென்று இருந்தது. 'மாசம் ஏறினா அடங்கிடும்' என்று நீ சொன்னதை நம்பித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் அக்காதான், "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடி!" என்று பெட்டியைப் பிடுங்கினாள். அங்கே வயிற்றில் பட்டை கட்டிப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீ சொன்னது தப்பாம்; அசைவு குறைந்தால் உடனே வர வேண்டுமாம்.

"கூட யாரு வந்திருக்கா?" என்றாள் நர்ஸ். உன் மருமகன் கப்பல் வேலையில் இருப்பதைச் சொல்லாமல் வயிற்றைக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

துணி வண்டி வந்துவிட்டது. நீ அப்பாவைத் திட்டுவதைப் போனில் பதிந்து அனுப்பு. என் அறையில் பிள்ளைக்குக் கேட்பது என் குரல் மட்டும்தான்; நமக்கு வேறு ஆளே இல்லை என்று அது நினைத்துவிடப் போகிறது.

உன் மகள்