வாப்பாவின் மோட்டர் சைக்கிளுக்கு என் குசினியில் இடம்

கல்முனைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் இன்பாஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே வாப்பா, நான், தங்கச்சி நுஸ்ஹா, வாப்பாவின் பி.எஸ்.ஏ. மோட்டர் சைக்கிள் நாலு பேரும் சுகமாக இருக்கிறோம், நீயும் பேர்மிங்ஹாம் குளிரில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போன வெள்ளிக்கிழமை நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கோபத்தில் போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்தாலும் திரும்ப எடுத்து வாசிக்கத்தான் வேண்டும், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற உன் கூட்டாளி றிஸ்மியின் கையில் கொடுத்து விடுகிறேன். முழுவதும் வாசி.

முதலில் நல்ல செய்தி, நுஸ்ஹாவின் கல்யாணத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு என்று பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளை அக்கரைப்பற்று, நல்ல பிள்ளை, வந்த அன்று என் வட்டிலாப்பத்தைக் கூச்சப்படாமல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல, என் உம்மா எனக்குத் தந்த இந்த வீடு இனி நுஸ்ஹாவுக்கு, மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பார். நானும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறோம். மேசன் பாஸ் வந்து கயிறு பிடித்துப் பார்த்தார், குசினி வருகிற இடம் சரியாக மோட்டர் சைக்கிள் கொட்டில் நிற்கிற இடம். முன்பக்கத்தில் மாப்பிள்ளையின் வாகனம் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நீ, இனி அதை வைக்க இடமும் இல்லை, வாப்பாவுக்கு வயதும் போய்விட்டது, இங்கே இங்கிலாந்தில் அந்தக் காலத்து மோட்டர் சைக்கிளுக்கு மனிதர்கள் பைத்தியமாக அலைகிறார்கள், நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள் என்றாய். நானும் தலையாட்டினேன். வாப்பாவும் ஓம், குடுப்பம் என்றார். அதற்குப் பிறகு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது, நான் கறியில் உப்புக் கூடிவிட்டதோ என்று நினைத்தேன்.

நீ அனுப்பிய அந்தக் கொழும்பு ஹிஷாம், பழைய இங்கிலீசு மோட்டர் சைக்கிள் சேர்க்கிறவர், முதல் தரம் வந்தபோது நல்ல களிசானோடு நம் கோழி மேய்கிற மண்ணில் முழங்காலில் இருந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். இந்தக் காலத்தில் பெற்றோல் டாங்கி ஒன்றில் இருந்தும் எஞ்சின் இன்னொன்றில் இருந்தும் பூட்டியதுதான் கிடைக்கும், இதில் எல்லாம் பிறந்தபடியே இருக்கிறது, எஞ்சின் இலக்கமும் சட்டத்து இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று சொல்லி மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்றார். நோன்புப் பெருநாள் முடிய லொறியோடு வருவேன் என்று போய்விட்டார். இனி நான் செய்ததைக் கேள், உனக்கு அரைவாசிதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வர முந்தி வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டாமா, அதற்கு றஸாக்கைப் பிடித்திருந்தோம், ட்ரக்டர் பெட்டிகளுக்குப் பூப் போடுகிறானே அவன்தான். வாப்பா அறுவடை மிஷினோடு மாவடிப்பள்ளி வயல் வட்டைக்குள் நின்ற நாட்கள். கொழும்பில் இருந்து ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வருகிறான், இந்த மங்கிப்போன மெரூன் டாங்கியோடு எப்படிக் கொடுப்பது, வீட்டை மட்டும் வெளுத்துவிட்டு இதை இப்படி விட்டால் சபையில் என்ன மரியாதை என்று, நான்தான் றஸாக்கிடம் இதையும் ஒரு கை பார் என்றேன். அவன் பழையதை எல்லாம் உரஞ்சி எடுத்துவிட்டு நல்ல சிவப்பு அடித்து, டாங்கியின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூப் போட்டு, முன் மட்கார்டில் மாஷா அல்லாஹ் எழுதி, சீற்றுக்குக் குஞ்சம் வைத்த உறையும் போட்டுத் தந்தான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு.

ஹிஷாம் லொறியில் இருந்து இறங்கினார், பார்த்தார், அப்படியே கதிரை விளிம்பில் குந்திக்கொண்டு தண்ணீர் கேட்டார். உம்மா, அந்தப் பழைய பெயின்ற்றுக்குத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தன், இப்பிடிச் செஞ்சிட்டீங்களே என்றார், அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். நீ இங்கிலாந்து போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. லொறி வெறுமையாகப் போனது. அன்றைக்கு வாப்பா இரண்டு தரம் சோறு போடச் சொல்லிக் கேட்டார், கறியில் ஒரு பிழையும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

நீ போனில் கத்தியது இதற்குத்தான், அதன் பெறுமதியைக் கெடுத்துவிட்டீர்கள் என்றாய். பெறுமதி என்று நீ எதைச் சொல்கிறாய் மகன்? அங்கே கண்ணாடி மாளிகையில் வைத்துத் துடைக்கிறார்களே, அது ஸ்டார்ட் ஆகுமா என்று யாராவது உதைத்துப் பார்த்தார்களா? இது விடிய சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா உதைக்கிற முதல் உதையில் எழும்பும், இல்லாவிட்டால் இரண்டாவதில் எழும்பும். பக்கத்து வீட்டுப் பொடியன்களின் புது மோட்டர் சைக்கிள் நின்றால் கொம்பியூட்டர் கொண்டு வந்து செருக வேண்டுமாம், வாப்பா ஒரு துண்டு அரத்தாளை மடித்து, எஞ்சினில் பொறி பறக்கிற பொயின்றை உரஞ்சிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எண்ணெய் சொட்டும், அதை மறைக்கவில்லை, அதற்குத்தான் கீழே பழைய பீங்கான் வைத்திருக்கிறேன், அந்த எண்ணெயில்தான் நம் வீட்டுக் கதவுகள் எல்லாம் சத்தம் போடாமல் திறக்கின்றன. ஓடுவதால்தான் அது அரிய சாமான். ஓடாததைச் சேர்த்து வைக்க உன் பழைய கொம்பியூட்டர் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, ஹிஷாமிடம் வேண்டுமா என்று கேட்டுப் பார்.

இனித்தான் உனக்குத் தெரியாத பாதி. ஹிஷாம் திரும்பப் போன் எடுத்தார். பெயின்ற் போனால் போகட்டும், அதைப் பழையபடி அடிக்கலாம், எஞ்சின்தான் முக்கியம், சொன்ன விலைக்கே எடுக்கிறேன் என்றார். வாப்பா பழையபடி ஓம், குடுப்பம் என்றார். மகன் சொல்லிவிட்டான், மகளின் வீட்டில் இடைஞ்சலாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. பிறகு குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டே, சும்மா கதைப்பது போல, இதுவும் போனா இந்த வளவுக்குள்ள என்ட சாமான் எண்டு என்ன சுபைறா இரிக்கி என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குக் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தேன். வீடு என் உம்மாவுடையது, பிறகு என்னுடையது, இனி நுஸ்ஹாவுடையது. கட்டில் என் வீட்டார் செய்தது, அலுமாரியும் அப்படித்தான். கூரையைப் பலமுறை மாற்றியவர் அவர், கிணறு கட்டியவர் அவர், ஆனால் எதையும் தன்னுடையது என்று ஒருநாள் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அவருடைய வாப்பா, பெண் வீட்டுக்குப் போகிறவன் நடந்து போகக் கூடாது என்று சொல்லித் தன்னுடைய பி.எஸ்.ஏ.யில் ஏற்றி அனுப்பினார், இவர் இந்த வாசலுக்குக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். இத்தனை வருடம் பின்னால் ஏறி இருந்த எனக்கு அது தெரியாமல் போய்விட்டதே. அடுத்த தரம் ஹிஷாம் எடுத்தபோது போனை நானே வாங்கி, மனே, அது விக்கிற சாமான் இல்ல, சும்மா ஒரு நாளைக்கு வந்து சாப்பிட்டுப் போங்க என்றேன். நல்ல மனிதர், வருவதாகச் சொன்னார்.

மேசன் பாஸிடம் குசினியைக் குறுக்கி, வாசலை அகலமாக வைக்கச் சொல்லிவிட்டேன். அடுப்பு ஒரு பக்கம், பி.எஸ்.ஏ. மறுபக்கம். நெருப்புக்குக் கிட்ட பெற்றோலா என்று நீ கேட்பாய், அதற்கும் வழி செய்தாயிற்று, நடுவில் முழுச் சுவர் எழும்புகிறது, என் பங்குக்கு மிஞ்சுவது இரண்டு பேர் நிற்கிற இடம்தான், எனக்கு அது போதும். வாப்பாவின் ஓட்டத்துக்கும் நான் சட்டம் போட்டுவிட்டேன், வட்டைக்கும் பள்ளிக்கும் மட்டும், ஹெல்மெட்டோடு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இல்லை. ஓம் என்று சொல்லியிருக்கிறார், இந்த ஓமை நான் நம்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, தலையில் தொப்பி இல்லாமல் பனியில் திரியாதே. கல்யாணத்துக்கு வரும்போது எங்களுக்குச் சொக்கலேற் வேண்டாம், நம் பி.எஸ்.ஏ. பிறந்த ஊரிலேயே இருக்கிறாய், கிளச் கேபிளும் காபரேட்டருக்கு உள்ள கஸ்கற்றும் தேடிக் கொண்டு வா, வாப்பாவிடம் மொடலைக் கேட்டுக்கொள். கோபத்தை விட்டுவிடு மகன், உன் பங்கை நான் விற்கவிடவில்லை, அவ்வளவுதான். வீடு நுஸ்ஹாவுக்கு என்றால் வாப்பாவின் பி.எஸ்.ஏ. உனக்கு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் பறக்கத்தையும் தரட்டும், நீயும் ஒருநாள் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகத்தானே போகிறாய், அன்றைக்கு நடந்து போகாதே, அதில் ஏறிப் போ. டாங்கியில் பூ இருக்கட்டும்.

உன் மேல் உயிராக இருக்கும் உம்மா,
சுபைறா அப்துல் கபூர்.